காலேஜா, நானேவா என்று கேட்ட அக்கா மகனுக்கு

போன வாரம் அக்கா மகன் போனில் கேட்டான். "சித்தி, வெப் டெவலப்பர் ஆகணும். டிகிரி சேரட்டுமா, நானே கத்துக்கட்டுமா? நீங்க நீங்களாத்தானே கத்துக்கிட்டீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியில் கொஞ்சம் வக்கீல்தனம் இருந்தது. நான் ஆமாம் என்று சொன்னால் அதையே சாட்சியமாக்கி அவன் அம்மா முன் நிறுத்துவான். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

நான் அடிப்படையில் கணக்கு எழுதியவள். 2015இல் பகலெல்லாம் லெட்ஜர், இரவில் வெப் பக்கங்களுக்கு நிரல் எழுதும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட். முதல் நான்கு மாதம் வீடியோ பார்த்தே கழிந்தது. பார்க்கும்போது எல்லாம் புரியும். மூடிவிட்டு நிரல் எழுதும் எடிட்டரை வெறுமையாகத் திறந்தால் கை ஓடாது. ஏட்டுச் சுரைக்காய் என்பார்களே, இது வீடியோ சுரைக்காய்.

அப்புறம்தான் எனக்கே தேவைப்பட்ட ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், இரண்டும் ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான். ஒரு நாள் பற்றில் 0.10, 0.20 என்று இரண்டு வரி, வரவில் 0.30 என்று ஒரே வரி. திரையில் இரண்டு மொத்தமும் 0.30 என்றே நிற்கின்றன. ஆனால் பக்கம் சிவப்பு. கணக்கு எழுதிப் பிழைப்பவளுக்கு இதைவிட அவமானம் உண்டா?

மூன்று இரவு தேடினேன். நான்தான் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் காட்டச் சொல்லியிருந்தேன் என்பதால் உண்மை கண்ணில் படவில்லை. அந்த வடிகட்டியை எடுத்த பிறகுதான் தெரிந்தது: பற்றின் மொத்தம் 0.30000000000000004. கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடிமானத்தில் வைக்கிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் இழுக்கிறதல்லவா, அதேபோல் பத்தில் ஒரு பங்கு அங்கே இழுக்கிறது. எங்கோ ஓரிடத்தில் வெட்டித்தான் ஆக வேண்டும். பணத்தை எல்லாம் சில்லறையாக மாற்றி முழு எண்ணாகவே கூட்டியதும் பச்சை வந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் இது ஆரம்பப் பாடமாம். எனக்கு மூன்று இரவு.

இதாவது பரவாயில்லை. அடுத்தது வேலைக்குச் சேர்ந்த பிறகு நடந்தது. பழைய வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று, புதியது ஒன்று. இரண்டிலும் இருப்பவர்களைக் கண்டுபிடிக்க வேண்டும். பொருந்துவதை மட்டும் எடுக்கும் ஃபில்டருக்குள், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும் ஓர் இன்க்லூட்ஸ் போட்டு ஒரே வரியில் முடித்தேன். 50 பெயர் வைத்துச் சோதித்தேன், கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. உண்மையான பட்டியல்கள் ஒவ்வொன்றிலும் 20,000 பெயர். பொத்தானை அழுத்தியதும் பிரௌசர் அப்படியே உறைந்துவிட்டது.

பக்கத்து சீட்டில் இருந்த தம்பி டிகிரி முடித்து வந்தவர். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒவ்வொரு பேருக்கும் மொத்தப் பட்டியலையும் தேடச் சொல்றீங்க அக்கா. மோசமா போனா நாற்பது கோடி ஒப்பீடு. ரெண்டாவதைச் செட்ல போட்டுட்டுத் தேடுங்க." செட் என்பது ஒன்றையே இரண்டு முறை வைத்துக்கொள்ளாத தொகுப்பு; அதில் தேட மொத்தத்தையும் புரட்ட வேண்டாம். போட்டேன். உடனே விடை வந்தது.

எனக்குச் செட் தெரியாமல் இல்லை. இரட்டிப்பை நீக்க நூறு முறை பயன்படுத்தியிருக்கிறேன். அதில் தேடுவது ஏன் வேகம் என்றுதான் தெரியாது. தெரியாது என்பதே தெரியாது, அதனால் தேடவும் தோன்றவில்லை. தானாகக் கற்பவருக்கு இருக்கும் பெரிய ஓட்டை இதுதான் என்று நினைக்கிறேன். முட்டிக்கொண்டதை மட்டும்தான் நாம் கற்கிறோம்.

அதே தம்பி வேறொரு நாள் பக்கத்தில் தரவு வரவில்லை என்று ஒரு மணி நேரம் நிரலையே வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். பிரௌசர் சர்வரிடம் என்ன கேட்டது, என்ன பதில் வந்தது என்று காட்டும் நெட்வொர்க் டேபைத் திறந்து காட்டினேன்: 401, அதாவது நீ யார் என்று தெரியவில்லை. லாகின் செய்தவர் யார் என்று சொல்லும் அடையாளச் சீட்டான டோக்கன் போகவே இல்லை. அந்த டேபை அவருக்கு வகுப்பில் யாரும் காட்டியதில்லையாம். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம், மறைப்பானேன்.

இன்னொன்று. வேலை விளம்பரங்களைப் பார்த்து நான் உருகி உருகிக் கற்றது வெப் பக்கம் கட்ட உதவும் ஆங்குலர்ஜேஎஸ் என்ற கருவி. 2016இல் ஆங்குலர் 2 வந்தது. பெயர்தான் பழசு, உள்ளே எல்லாம் புதிது. பழையதற்கு 2021 இறுதியோடு ஆதரவும் நின்றது. நான் அலட்சியமாகத் தாண்டிப்போன எச்டிடிபியோ, அதாவது பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையோ, கேட்டது கிடைக்கவில்லை என்றால் இன்றைக்கும் அதே 404ஐத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, அவனுக்கு என்ன சொல்வது? அவனுக்கு வயது இருக்கிறது, சம்பாதித்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. வீட்டால் முடியுமென்றால் சேரட்டும் என்பதுதான் என் கட்சி. உடனே எதற்கும் பயன்படாத விஷயத்தை நிதானமாக யோசிக்க வாழ்க்கை இன்னொரு முறை நேரம் தராது. விண்ணப்பத்தில் டிகிரி இல்லை என்றாலே ஒதுக்கிவிடும் இடங்களும் இருக்கின்றன, அந்தக் கதவுகள் சிலவற்றை நானே தட்டியிருக்கிறேன். ஆனால் பட்டம் வாங்கிவிட்டால் வெப் டெவலப்பர் ஆகிவிடலாம் என்று நினைத்தால் அவனும் அந்த 401 முன்னால் உட்கார்ந்திருப்பான். வகுப்போடு சேர்த்து, யாராவது நிஜமாகப் பயன்படுத்தும் ஒன்றைக் கட்டியாக வேண்டும்.

என் மாதிரி வேலையும் வீடும் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, தானாகத்தான். ஆனால் பாடத்தின் வரிசையை மட்டும் நாமே போடக்கூடாது. நானே ஆசிரியை, நானே மாணவி, பரீட்சையைத் தள்ளிவைப்பதும் நானே என்று இரண்டு வருடம் போனது. 2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப், தி ஓடின் ப்ராஜெக்ட், ஹார்வர்டின் சிஎஸ்50 எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றைப் பிடித்து, பிடிக்காத பாடத்தையும் தாண்டாமல் முடித்தால் போதும். நம் நிரலைப் படித்துத் திட்ட ஒரு ஆளும் வேண்டும்.

இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்: பிரௌசரில் ஒரு முகவரியைத் தட்டி எண்டர் அடித்தால், பக்கம் வருவதற்குள் என்னென்ன நடக்கிறது?

நான்கு வரி பதில் வந்தது. இரண்டாவது வரி, "பிரௌசர் சர்வரிடம் கேட்கும்." சர்வர் எங்கே இருக்கிறது என்று அதற்கு யார் சொன்னது என்று கேட்டேன். பதில் இல்லை. இரவு பதினொன்றரைக்கு, தளத்தின் பெயரை வைத்துச் சர்வரின் எண் முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் பற்றி ஒரு பக்கம் எழுதி, கடைசியில் ஒரு கேள்வியும் வைத்திருந்தான்: "சித்தி, அந்த டிஎன்எஸ் சர்வர் எங்கே இருக்குன்னு அதுக்கு யார் சொன்னாங்க?"