பின் சக்கரத்து பிரேக்

2025 ஜூன் 5, வியாழன்

பிக்கப்பில் ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போன வழியில், மூன்றடைப்பு தாண்டியதும் முன்னால் போன பஸ் திடீரென்று ஓரங்கட்டியது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது, ஆனால் நின்ற விதம் சரியில்லை. பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது, மூக்கு தரையைப் பார்க்கக் குனிந்தது, வண்டி வலதுபக்கமாக இழுத்தது.

தாரை இறக்கிவிட்டு, வெறும் வண்டியாக மெதுவாக ஓட்டி வீடு வந்ததும் குனிந்து பார்த்தேன். இடது பின் டயரின் உள்பக்கம் ஈரம் வழிந்து, அதன்மேல் செம்மண் புழுதி அப்பியிருந்தது. பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே கிடக்கிறது.

2008 மாடல் பிக்கப். இந்த வேலையை வீட்டிலேயே பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். அதுவரை லோடு கிடையாது. வியாபாரிக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

ஜூன் 7, சனி

அக்கா மகன் லீவுக்கு வந்திருக்கிறான். பாலிடெக்னிக் படிக்கிற பையன், கைவேலையில் ஆசை உள்ளவன். காலையிலேயே நெல் காயப்போடும் சிமெண்ட் களத்தில் வண்டியை நிறுத்தினோம். மண்தரையில் ஜாக்கி புதையும்.

ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. அதைப் போட்டு வைத்தால் சக்கரத்தோடு சுற்றுகிற பிரேக் டிரம் வராது, எடுத்துவிட்டால் வண்டி உருளும். அதனால் முன் டயர் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் கொடுத்தோம். டயர் தரையில் இருக்கும்போதே வீல் நட்டைத் தளர்த்தி, அப்புறம்தான் ஜாக்கி. தூக்கியதும் அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஆளை விடுவதற்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.

டிரம் லேசில் வரவில்லை. ஓரத்தில் துரு வரப்பு கட்டி, டிரம்முக்குள் விரிந்து உரசுகிற ஷூ அதில் மாட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் போட்டு அடித்தால் டிரம் விரிசல் விடும். பின்தட்டில் இருக்கிற ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைத் திருப்பி ஷூவை உள்ளே இழுத்தோம். டிரம்மின் முகத்தில் மரை போட்ட ஓட்டை இரண்டு இருக்கும். அதில் போல்ட்டை மாற்றி மாற்றி முடுக்கினால் டிரம் தானாகவே வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

உள்ளே கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தது. பையன் காற்றடிக்கும் பம்பை எடுத்தான்.

"ஏல, ஊதாத! தண்ணி கொண்டா" என்றேன்.

ஷூமேல் ஒட்டியிருக்கிற பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். அது நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்து நுரையீரலைத் தின்னும். துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித் தூரப் போட்டோம். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு.

லைனிங் முழுக்க ஊறிப் போயிருந்தது. முதலில் மோந்து பார்த்தேன். கியர் ஆயில் என்றால் கந்தக வாடை அடிக்கும். அப்படியானால் அச்சு ஆயில் சீல் போய்விட்டது, வேலை பெரிது. இது அந்த வாடை இல்லை. ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை நகத்தால் நெம்பினேன். மஞ்சளாக ஒரு சொட்டு திரண்டு விரலில் இறங்கியது. சிலிண்டருக்குள் இருக்கிற ரப்பர் கப் கிழிந்திருக்கிறது.

அடுத்த தெரு அண்ணாச்சி வந்தார். அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வலது பக்கத்தையும் கழற்றச் சொன்னார். அது காய்ந்துதான் இருந்தது. லைனிங் தேயவே இல்லை, மேலே கண்ணாடிப் பளபளப்பு.

"முன் பிரேக் பேடு எம்புட்டு நாள் வருது?"

"சீக்கிரமே போயிருது அண்ணாச்சி."

"இந்த ஷூ தேயவே இல்லையே வே. லோடு வண்டியில இது நல்ல சேதி இல்ல. இடது பக்கம் கசிவு, சரி. இந்தப் பக்கம் ஏன் வேலையே செய்யல? நாளைக்கு வாரேன், அடியில படுத்துப் பாப்போம்."

ஜூன் 8, ஞாயிறு

கடை கிடையாது. அண்ணாச்சி சொன்னபடி வண்டிக்கு அடியில் படுத்தோம். லேசான சாரல், முதுகில் சிமெண்ட் குளிர்ந்தது.

பிரேக் ஆயில் பின்பக்கம் போகிற வழியில் சேசிஸில் ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி பின் அச்சுக்குப் போகும். லோடு ஏறினால் வண்டியைத் தாங்குகிற பட்டை (லீஃப் ஸ்பிரிங்) அமுங்கி, சேசிஸும் அச்சும் நெருங்கும். கம்பி நகர்ந்து வால்வு பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வண்டி காலி என்றால் அழுத்தத்தைக் குறைக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் சுற்றிவிடும். எவ்வளவு அருமையான ஏற்பாடு!

எனக்கு முன்னால் வைத்திருந்தவர் கூடுதல் பாரம் ஏற்றப் பக்கத்துக்கு இரண்டு எக்ஸ்ட்ரா பட்டை போட்டிருக்கிறார். அண்ணாச்சி விரலால் எண்ணிக் காட்டினார். பட்டை கெட்டியானதால் பாரம் ஏறினாலும் வண்டி அமுங்குவதில்லை. கம்பி நகர்வதில்லை. வால்வைப் பொறுத்தவரை வண்டி எப்போதும் காலி. முழு லோடுக்கும் முன் பிரேக்கே மாரடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எங்கள் பக்கம் எக்ஸ்ட்ரா பட்டை போடாத பிக்கப்பைப் பார்ப்பது அபூர்வம். அத்தனை வண்டிக்கும் இந்தக் கம்பி இருக்கிறதா, யாராவது அதைப் பார்த்தார்களா என்ற நினைப்பு ராத்திரி முழுக்க ஓடியது.

ஜூன் 9, திங்கள்

டிரம் இரண்டையும் சாக்கில் கட்டி பஸ்ஸில் திருநெல்வேலி போனேன். லேத்தில் லேசாக ஒரு கடைசல். டிரம்மிலேயே அதிகபட்ச உள்விட்டம் அச்சாகியிருக்கும். அதைத் தாண்டிக் கடைந்தால் டிரம் மெலிந்துவிடும், சூடு தாங்காது. அளந்து காட்டச் சொல்லித்தான் வாங்கினேன்.

ஷூ இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே செட். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். வீல் சிலிண்டர் இரண்டு, ஸ்பிரிங் கிட், சீல் உடைக்காத பிரேக் ஆயில். என் வண்டிக்கு டாட் 3 ரகம். புதிதில் அதன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச 140 வரை இறங்கிவிடும். அதனால் பாதி தீர்ந்து திறந்து கிடந்த டப்பாவை நான் தொடுவதில்லை.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு பக்கத்தைப் பிரிக்காமல் விட்டு மறு பக்கத்தில் வேலை. எந்த ஸ்பிரிங் எந்த ஓட்டையில் என்று சந்தேகம் வந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பின்தட்டில் ஷூ உரசும் மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸ், விரல்நுனியால் தொட்டுத் தடவிய அளவுக்கு மட்டும். லைனிங்கில் பட்டால் கதை கெட்டது. ரப்பர் கப்பைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவக் கூடாது, உப்பிவிடும். அதற்குப் பிரேக் ஆயில்தான். அதுவே பெயிண்டில் சிந்தினால் உரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மேல் ஸ்பிரிங்கை மாட்டுவதுதான் கஷ்டம். குறடு வழுக்கினால் கண்ணுக்கே வரும். பையனுக்கு என் கண்ணாடியைக் கொடுத்துப் போடச் சொன்னேன். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, 'டக்' என்று மாட்டினான்.

சாயங்காலம் ஏர் எடுத்தோம், அதாவது பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றினோம். டிரைவர் சீட்டுப் பக்கத்திலிருந்து தூரமான இடது பின் சக்கரம் முதலில். பையன் பெடலில், நான் கீழே.

"அமுக்கு... பிடி. விட்டுராத."

வீல் சிலிண்டரில் இருக்கிற நிப்பிளைத் திறந்தால் அதில் மாட்டிய டியூபில் குமிழி குமிழியாக வரும். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். "மாமா, இப்ப கல்லு மாதிரி நிக்குது" என்று அவன் சொல்லும்வரை, பானெட்டுக்குள் இருக்கிற ஆயில் டப்பா காலியாகிக் காற்றை இழுத்துவிடாமல் அண்ணாச்சி மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம் அட்ஜஸ்டரைச் சக்கரம் பூட்டும்வரை முடுக்கி, லேசான உரசல் மட்டும் கேட்கும் அளவுக்குத் தளர்த்தி, கடைசியில் ஹேண்ட் பிரேக் கேபிள்.

ஜூன் 13, வெள்ளி

பட்டறையில் எக்ஸ்ட்ரா பட்டைகளைக் கழற்றியாயிற்று. அண்ணாச்சி கம்பியின் இணைப்பைத் துரு நீக்கிச் சரிபார்த்துக் கொடுத்தார். இனிமேல் ஆர்.சி.யில் போட்டிருக்கிற எடைக்குமேல் ஒரு தார்கூட ஏற்றுவதில்லை. வியாபாரிக்கு அதில் வருத்தம். நடை கூடும், டீசல் கூடும் என்றார். கூடட்டும் என்றேன்.

களக்காட்டிலிருந்து நாங்குநேரி ரோட்டில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக நிறுத்தி, சூடு ஆறவிட்டு, மறுபடி நிறுத்தி, ஷூவை டிரம்மோடு பழக்கினேன். அப்புறம் அளவான லோடு ஏற்றி ஓட்டினேன். பிரேக் மிதித்தால் முன்னும் பின்னும் சேர்ந்து அமர்ந்து, நேராக நிற்கிறது. இறங்கி நான்கு சக்கரத்துப் பக்கமும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். பின் டிரம் இரண்டும் ஒரே அளவு சூடு.

ஷூ படிந்ததும் பெடல் கொஞ்சம் இறங்கும். அடுத்த மாதம் அட்ஜஸ்டரை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். நாளைக்குத் தார் வெட்டு.