அம்மாவின் இடுப்பு வட்டமும் மெடிக்கல் ட்யூபும்

தேனி மாவட்டம் கம்பத்திலிருந்து விடியக்காலையில் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு, ஆடி மாதத்து மழையில் உடம்பு காயவே காயாது. அம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம் வந்தது. நாங்கள் படர்தாமரை என்போம், மேலே மலையாளிகள் புழுக்கடி என்பார்கள், ஆனால் புழுவும் கிடையாது தாமரையும் கிடையாது, பூஞ்சைதான்.

மெடிக்கலில் கேட்டு ஒரு களிம்பு ட்யூப் வாங்கி வந்தார். மீதிச் சில்லறைக்கு இரண்டு மிட்டாய் வேறு கொடுத்தார்களாம். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. "நின்னுருச்சுல்ல, அப்புறமென்னடா?" என்றார். நிறுத்தினால் திரும்ப வரும், தடவினால் போகும், இப்படியே மூன்று மாதம். வட்டம் இடுப்பைச் சுற்றி முதுகுக்குப் போய்விட்டது.

கடைசியில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பிளேடு விளிம்பால் வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டி, உதிர்ந்த செதிலைக் கண்ணாடித் தகட்டில் போட்டு, ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பூஞ்சை நூல் நூலாகக் கிளைவிட்டுக் கிடந்தது.

விஷயம் இதுதான். தோலில் மேல்தோல், அதற்கடியில் உள்தோல், அதற்கும் கீழே கொழுப்பு. மேல்தோலின் உச்சியில் இருப்பது செத்த செல்களின் அடுக்கு, அதிலுள்ள கெரட்டின்தான் இந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு. சிவப்பும் வீக்கமும் வருவது உள்தோலில், ரத்தக்குழாய் இருப்பது அங்கேதான். அந்த ட்யூபில் பூஞ்சை மருந்தோடு குளோபெட்டசால் என்கிற வீரியமான ஸ்டீராய்டும் கலந்திருந்தது. அது உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும், அரிப்பு நின்றுபோகும், மேலே பூஞ்சை கேட்பாரில்லாமல் மேயும். நாய் குரைக்கிறதென்று நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனை உள்ளே விட்ட கதை. 2018-லேயே ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று கொண்டுவந்தார்கள், யார் கேட்கிறார்கள்?

மேல்தோல் புதுசாக மாற ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை பழைய அடுக்கில் பூஞ்சை மிச்சமிருக்கலாம், அதனால் வட்டம் மறைந்தாலும் பூஞ்சை மருந்தை உடனே நிறுத்தக் கூடாது என்றார் டாக்டர். மாத்திரை, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல்கடை வரை வெறும் பூஞ்சைக் களிம்பு, துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுவது. மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போக, இஸ்திரி போட்டுச் சமாளித்தோம்.

பூஞ்சை போய்விட்டது. ஆனால் ஸ்டீராய்டு உள்தோலை மெலிய வைத்ததில் இடுப்பில் வரிவரியாகத் தழும்பு, அது முழுசாக மறையாதாம். பிரசவத்தில் வயிற்றில் விழும் வரியும் இதே ரகம்தான் என்று டாக்டர் சொன்னதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அது நீ குடுத்தது, இது மெடிக்கல்காரன் குடுத்தது."