கத்திரிக்கு முன் ஒரு தெர்மோஸ்டாட்

ஏப்ரல் 27, 2024, சனி

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். நான், மனைவி, பின்சீட்டில் அத்தை. கண்ணமங்கலம் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு மேலே ஏறத் தொடங்கியது. ஏசியை நிறுத்தினேன். முள் நிற்கவில்லை. சிவப்பைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது ஹீட்டரை முழுச் சூட்டுக்குத் திருகி, ஃபேனையும் கடைசி வரை வைத்தேன். ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை வாங்கி வண்டிக்குள் கொட்டும். வெளியே நாற்பது டிகிரி வெயில், உள்ளே அடுப்பு.

"மாப்பிள்ளை, எங்களை வேக வைக்கிறதா உத்தேசமா?"

முள் லேசாக இறங்கியது. அந்த அவகாசத்தில் ஒரு புளியமரத்தடியைப் பிடித்துவிட்டேன்.

ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவில்லை. அதன் மேல் 0.9 என்று போட்டிருக்கும். அத்தனை பார் அழுத்தத்தை அது அடக்கி வைத்திருப்பதால்தான் உள்ளே நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்தால் பொங்கி முகத்தில்தான் அடிக்கும். துணியைச் சுற்றிக்கொண்டு, இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸை மட்டும் தொட்டுப் பார்த்தேன். இன்ஜின் கிட்டே நெருங்க முடியவில்லை, ஹோஸோ வெதுவெதுப்புதான். சுடுதண்ணீர் ரேடியேட்டருக்கு வரவே இல்லை. நடுவில் இருக்கும் கதவு, அதாவது சூடு ஏறியதும் தானே திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட், சாத்திக் கிடக்கிறது.

ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, ஜன்னல்களைத் திறந்து, ஹீட்டர் போட்டபடி மூன்று இடத்தில் நிறுத்தி வீடு வந்து சேர்ந்தோம். அண்ணாமலையார் அடுத்த வாரம்.

என்ன கார் என்று கேட்காதீர்கள். பதினாறு வருட வண்டி எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் இப்படித்தான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தெருமுனை மெக்கானிக் பார்த்தார். "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடலாம் சார். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு? குளிர் நாட்டுக்காரனுக்குத்தான் அது."

இதை நான் கேட்பது ஐந்தாறாவது தடவை இருக்கும். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள், கைத்திறன் உள்ளவர்கள். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. இன்ஜின் வேலை செய்ய வேண்டியதே தொண்ணூறு டிகிரியை ஒட்டித்தான். அதற்குக் கீழே ஓடினால் பெட்ரோலை அதிகம் குடிக்கும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சேறு கட்டும். வேலூர் வெயிலே நாற்பத்து மூன்றுதான். இன்ஜின் கணக்கில் அதுவும் குளிர். இன்னொன்று: சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினையே சுற்றிக்கொண்டிருக்கும். சூடு குறையட்டும் என்று கழற்றினால், சூடு ஏறத்தான் செய்யும்.

அவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நானே பாத்துக்கறேண்ணே" என்று மட்டும் சொன்னேன். சிரித்தார்.

ஹோஸ்களையும் அமுக்கிப் பார்த்தேன். மேல் ஹோஸ் நடுவில் கெட்டியாகத்தான் இருந்தது. கிளிப்புக்குப் பக்கத்தில் மட்டும் வெந்த கத்தரிக்காய் மாதிரி கொழகொழத்தது. ரப்பர் உள்ளிருந்துதான் சாகும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். பைபாஸ் ஹோஸின் முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்கு. கசிந்து காய்ந்த கூலன்ட், அதாவது இன்ஜினை ஆற்றத் தண்ணீரோடு கலக்கும் திரவம். சரி, எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

ஏப்ரல் 30, செவ்வாய்

நேற்றே சாமான் வாங்கியாயிற்று. தெர்மோஸ்டாட், கேஸ்கெட், மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், பைபாஸ் ஹோஸ், கிளிப்புகள், கூலன்ட், ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். கடைக்காரர் முதலில் 88 என்று அடித்த தெர்மோஸ்டாட்டை எடுத்து நீட்டினார். நம்முடையது 82, அதாவது அத்தனை டிகிரியில் திறக்க ஆரம்பிப்பது. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றுதான் என்றால் எண் எதற்கு? மாற்றி வாங்கினேன்.

வீட்டு போர் தண்ணீர் போதாதா என்று மனைவி கேட்டாள். கீசரின் கம்பியில் அப்பியிருக்கும் சுண்ணாம்பைக் காட்டினேன். மேலே பேச்சில்லை.

ராத்திரி அடுப்பங்கரையில் சோதனை. புதுத் தெர்மோஸ்டாட்டின் வால்வை விரலால் கொஞ்சம் திறந்து, ஒரு நூலை இடுக்கி மூடவிட்டேன். நூலைப் பிடித்துத் தூக்கினால் தெர்மோஸ்டாட் தொங்கும். அதைப் பால் பாத்திரத் தண்ணீரில் அடி தொடாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். உள்ளே சின்னப் பித்தளைக் குப்பிக்குள் மெழுகு இருக்கிறது. அது உருகி விரியும்போது கம்பியைத் தள்ளும், வால்வு திறக்கும். கரண்டும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. எழுபது, எழுபத்தைந்து, எண்பது. எண்பத்து மூன்றில் 'டொக்' என்று பாத்திரத்தின் அடியில் விழுந்தது. நூல் என் கையில்.

"அந்தப் பாத்திரத்தில் இனிமேல் பால் காய்ச்ச மாட்டேன்" என்றாள். நியாயம்தான்.

மே 1, புதன்

மே தினம், லீவு. விடிந்ததும் ஆரம்பித்தேன், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் பஸ் டெப்போவில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காபி டம்ளரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார்.

டிரைன் பிளக்கைத் திருகியதும் டீ நிறத்தில் வந்தது. பச்சையாக இருந்திருக்க வேண்டியது. வாளியில் பிடித்து, கேனில் ஊற்றி மூடினேன். கீழே சிந்தியதையும் கழுவித் தள்ளினேன். அது லேசாக இனிக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

மேல் ஹோஸ் எளிதாக வந்தது. கீழ் ஹோஸ் அசையவில்லை. குறடு போட்டு முறுக்கப் போனேன். "தம்பி, ஹோஸ் போனா நானூறு ரூவா. ரேடியேட்டர் மூக்கு ஒடைஞ்சா?" என்றார் அண்ணன். எப்படியும் தூக்கி எறியப் போகிற ஹோஸ்தானே. பிளேடால் நீளவாக்கில் கீறி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுத்தேன்.

தெர்மோஸ்டாட் மூடியில் இரண்டு போல்ட், பத்தாம் நம்பர் ஸ்பானர். ஒன்று சட்டென்று வந்தது. இரண்டாவது திரும்புகிற மாதிரி இருந்தது, ஆனால் திரும்பவில்லை. போல்ட்டே முறுகுகிறது. அந்த ரப்பர் மாதிரியான நெளிவு கையில் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அலுமினியத்துக்குள் ஒடிந்தால் அன்றைய தினம் முடிந்தது. துரு ஆயில் அடித்து, சுத்தியால் தலையில் மெல்லத் தட்டி, அரை மணி விட்டேன். பிறகு முதலில் துளி இறுக்கி, அப்புறம் தளர்த்தி, மறுபடி இறுக்கி, தளர்த்தி. கீச்சென்று ஒரு சத்தம். வந்துவிட்டது. விரல்களைப் பார்த்தேன்: கிரீஸ், துரு, நகத்தோரம் இன்னும் போகாத தேர்தல் மை.

பழைய தெர்மோஸ்டாட்டை அதே பாத்திரத்தில் போட்டோம். தளதளவென்று கொதித்தும் அசையவில்லை.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, புதியதை வைத்து, மூடியை இறுக்கி நிமிர்ந்தேன். "ஊசி மேல இருக்கா?" என்றார் அண்ணன். தெர்மோஸ்டாட் விளிம்பில் ஆடும் குட்டி ஊசி ஒன்று உண்டு. காற்று வெளியேற அது மேலே, பன்னிரண்டு மணி நிலையில் இருக்க வேண்டும். எனக்கு நினைவில்லை. மறுபடி கழற்றினேன். ஆறு மணியில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டம்ளரை மட்டும் கீழே வைத்தார்.

கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. முன்சக்கரங்களைச் சரிவில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினை ஓடவிட்டேன். மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்தால் குமிழ் குமிழாக வரும், மட்டம் இறங்கும், ஊற்ற வேண்டும். பதினைந்து நிமிடம் போல ஹோஸ் குளிர்ச்சியாகவே இருந்தது. பிறகு சில விநாடிகளில் கை வைக்க முடியாத சூடு. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது! நாள் முழுக்கப் பட்ட பாட்டில் இதுதான் நல்ல நேரம். மூடியைப் போட்டேன். ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் வரை காத்திருந்து அணைத்தேன்.

மே 2, வியாழன்

காலையில் திறந்து பார்த்தால் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மிச்சக் காற்று. ஊற்றினேன். கிளிப்புகளை அரைச்சுற்று இறுக்கினேன்; புது ரப்பர் சூடு பட்டதும் கொஞ்சம் அமுங்கும்.

மே 4, சனி

இன்று கத்திரி ஆரம்பம். அதே மூன்று பேர், அதே சாலை. கண்ணமங்கலத்தில் யாரும் பேசவில்லை, மூவரும் முள்ளையே பார்த்தோம். அது நடுவில் நின்றது. புளியமரம் வந்தது, போனது. ஏசியை ஒரு கட்டம் கூட்டினேன்.

திருவண்ணாமலையில் வண்டியை நிறுத்திவிட்டு, கிளம்பும் முன் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் கீழே சொட்டுச் சொட்டாக ஈரம். வயிறு கலங்கியது. வேட்டியோடு தரையில் படுத்து, விரலால் தொட்டு, முகர்ந்து, இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தேன். பிசுபிசுப்பு இல்லை, நிறம் இல்லை.

"அது ஏசி தண்ணி மாப்பிள்ளை" என்றார் அத்தை. "எழுந்திருங்க, நடை சாத்திடுவாங்க."