ஆஜேயும் ஸ்கார்பெல்லியும்: ஜூலைக் குறிப்புகள்

ஜூலை 4

இத்தாலியக் காமெடிகளைச் சேர்ந்தே எழுதிய திரைக்கதை இரட்டையர் ஆஜேயும் ஸ்கார்பெல்லியும். இன்று ஆஜேயின் பிறந்த நாள். முழுப்பெயர் ஆஜெனோரே இன்க்ரோச்சி, 1919, பிரெஷ்யா. அதே வருடம் டிசம்பரில் ரோமில் பிறந்தவர் ஃபூரியோ ஸ்கார்பெல்லி. 1949-ல், நகைச்சுவை நடிகர் டோட்டோ வீடு தேடி அலையும் படத்திலிருந்து டைட்டிலில் இவர்கள் பெயர் சேர்ந்தே வரும். எண்பதுகளின் நடுவில் பிரியும்வரை நூறு படங்களுக்கு மேல் எழுதிவிட்டார்கள். இருவரும் நகைச்சுவை ஏடுகளில் வளர்ந்தவர்கள். ஸ்கார்பெல்லி படமும் வரைவார். இரண்டு கோட்டில் ஆளைப் பிடிக்கிற அந்தக் கை வசனத்திலும் தெரியும்.

ஜூலை 6

அன்றைய இத்தாலிய வேலைமுறை. முதலில் சொஜ்ஜெட்டோ: சில பக்கங்களில் கதை. அடுத்தது ஸ்கலெட்டா, அதாவது காட்சிகளின் வரிசை. பிறகு டிரட்டமென்டோ: வசனம் அதிகமில்லாத விரிவான கதை. கடைசியில்தான் முழுத் திரைக்கதை. அதன் தாளில் இரண்டு பத்தி: இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதில் விழுவது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. வலப்பக்கம் நிரம்பி இடப்பக்கம் காலியாகக் கிடந்தால், ஆட்கள் சும்மா நின்று பேசுகிறார்கள் என்று படிக்காமலே தெரிந்துவிடும்.

காமெடி கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்கலெட்டாவில்தான். ஒரு காட்சியை உருவினால் அடுத்தது ஆடவில்லையென்றால், அது வெறும் ஜோக். எவ்வளவு சிரிப்பு வந்தாலும் எடுத்துவிட வேண்டும்.

ஜூலை 9

'இ சோலித்தி இன்யோத்தி', 1958. இயக்கம் மரியோ மோனிச்செல்லி. எழுத்தில் சூசோ செக்கி தாமிக்கோவும் உண்டு. அடகுக்கடைப் பெட்டகத்தைக் கொள்ளையடிக்கத் திட்டமிடும் ஏழைகளின் கதை.

மாஸ்ட்ரோயான்னி நடித்த திபேரியோவின் கையை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பெட்டகத்தை உளவு பார்க்கக் கேமரா வேண்டும். பொய்யான மாவுக்கட்டைக் காட்டி ஏமாற்றி, சந்தையில் ஒன்றைத் திருடுகிறான். பாடுபட்டு எடுத்த படத்தில் முக்கியமான நொடியில் கொடியில் காயும் துணி மறைத்துவிடுகிறது. கேமராவைப் பறிகொடுத்தவர்கள் அவன் கையை உடைக்க, கொள்ளை நாளில் நிஜ மாவுக்கட்டோடு வந்து நிற்கிறான். ஒரே பொருள், மூன்று வேலை.

ஜூலை 10

அதே படத்தின் சுவர். பக்கத்து வீட்டுச் சாப்பாட்டறைச் சுவரை இடித்தால் அடகுக்கடை. ஆனால் அந்த வீட்டுக் கிழவிகள் மேசை நாற்காலிகளை இடம் மாற்றிவிட்டார்கள். இவர்கள் வியர்த்து ஊற்ற இடித்துப் போய்ச் சேர்வது அதே வீட்டுச் சமையலறைக்கு! அங்கே பாஸ்தாவும் கொண்டைக்கடலையும் இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். தோற்றவர்கள்மேல் நமக்குக் கோபமே வராததற்கு, படம் முழுக்க அவர்கள் பசியோடு இருந்ததுதான் காரணம். நடுவில் கோசிமோ என்ற திருடன் டிராமில் அடிபட்டுச் சாகிறான். காமெடியில் சாவை வைக்க அன்று துணிச்சல் வேண்டும்.

ஜூலை 14

விருதுகள், சுருக்கமாக. 'இ கொம்பான்யி'யின் திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை. 'லா டெர்ராட்சா'வுக்கு 1980-ல் கான் விழாவில் திரைக்கதை விருது, இயக்குநர் எத்தோரே ஸ்கோலாவோடு சேர்த்து. பிரிந்த பிறகு ஸ்கார்பெல்லி 'இல் போஸ்தினோ'வின் எழுத்தாளர்களில் ஒருவர். ஆஜே 1990-ல் திரைக்கதை கற்றுத்தரும் நூல் எழுதினார். ஆஜே 2005-லும் ஸ்கார்பெல்லி 2010-லும் மறைந்தார்கள்.

ஜூலை 19

'லா கிராண்டே குவேர்ரா', 1959. வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்க விருதை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. முதல் உலகப் போரில் வேலைக்கு டிமிக்கி கொடுத்தே திரியும் இரண்டு சிப்பாய்களின் கதை. நடிப்பு காஸ்மனும் சோர்தியும்.

முடிவு ஒரு சொல்லில் தொங்குகிறது. இத்தாலியத்தில் 'ஃபேகாத்தோ' என்றால் ஈரல். துணிச்சலுக்கும் அதே சொல். எதிரியிடம் பிடிபட்டவர்கள் உயிருக்குப் பயந்து உளவு சொல்லப்போகும் நேரம். இத்தாலியர்களுக்குத் தெரிந்த ஒரே ஃபேகாத்தோ வெங்காயம் போட்டு வதக்குவதுதான் என்று ஆஸ்திரிய அதிகாரி இளக்காரம் செய்கிறான். அங்கே காஸ்மனுக்கு ரோஷம் வருகிறது: வைதுவிட்டு, சுடப்படுகிறான். சோர்தியோ தான் கோழை என்று கதறியபடியே, ஒன்றும் சொல்லாமல் சாகிறான்.

அந்தச் சண்டையில் இத்தாலியர்கள் ஜெயிக்கிறார்கள். இவர்கள் செத்தது தெரியாத கேப்டன் சொல்கிறார்: அந்த இரண்டு சோம்பேறிகளும் இந்தத் தடவையும் தப்பிவிட்டார்கள்.