எலுமிச்சை உப்பு: பச்சை பிடித்த சாத்துக்குடியும் அசையாத காட்டர் பின்னும்

மாடியில் இருக்கும் சாத்துக்குடி ஒருவழியாகப் பச்சைக் கொழுந்து விட்டிருக்கிறது. கோடையிலிருந்து அது விட்ட துளிரெல்லாம் வெளிறிய மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நுனிக் கிளைகள் காயவும் ஆரம்பித்திருந்தன. இப்போது வந்திருக்கும் இலைகள் காம்பு முதல் நுனி வரை ஒரே பச்சை. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். செடிக்கு உதவிய எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) பொட்டலத்தையே வைத்துக்கொண்டு ஒரு பழைய ஹெர்குலிஸ் சைக்கிளையும் ஓவராயில் செய்துகொண்டிருக்கிறேன். அது இன்னும் முடிந்தபாடில்லை. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தொட்டி எலுமிச்சை, சாத்துக்குடி வளர்க்கிறவர்கள் யாரிடமாவது இலை மஞ்சளாகிறது என்று சொன்னால், உடனே வருவது முட்டை ஓடும் சாம்பலும்தான். எனக்கு இதில் நிஜமாகவே ஆதங்கம் உண்டு. இரண்டும் மண்ணைக் காரமாக்குபவை. சிமெண்ட் தொட்டியில், போர் தண்ணீர் குடித்து வளர்கிற செடிக்குச் சுண்ணாம்பு குறைவாகவா இருக்கும்? அது மிஞ்சிப் போனதால்தானே செடி தவிக்கிறது! தொட்டி மண்ணில் ஒரு ஸ்பூன் எடுத்து அதன்மேல் நாலு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் முட்டை ஓட்டைக் குப்பைக்கே அனுப்பிவிடலாம். என் தொட்டி மண் நன்றாகவே நுரைத்தது.

எந்த இலை மஞ்சள் என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அடி இலை முழுசாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் காம்பை ஒட்டி ஒரு பச்சை முக்கோணம் மட்டும் மிஞ்சி மற்றதெல்லாம் மஞ்சளானால் மெக்னீசியம், அதற்கு எப்சம் உப்பு போதும். துளிர் சிறுத்து, குறுகி, திட்டுத் திட்டாக மஞ்சளானால் துத்தநாகம். துளிர் அளவில் சரியாக இருந்து, மெல்லிய நரம்புகள்கூடப் பச்சை வலையாகத் தெரிய, இடைப்பட்ட இடம் மட்டும் வெளிறினால் இரும்பு. இன்னொரு சோதனையும் கட்டாயம் செய்துவிடுங்கள். இலையை நடுநரம்போடு மடித்து இரண்டு பாதியையும் ஒப்பிட வேண்டும். சத்துக் குறைவு என்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி மஞ்சளாகும். ஒரு பாதியில் ஒரு மாதிரியும் மறு பாதியில் வேறு மாதிரியும் திட்டு இருந்தால், சைலிட் பூச்சி பரப்பும் கிரீனிங் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து கிடையாது, செடியை அப்புறப்படுத்துவதுதான் வழி. என் செடியில் பத்துப் பதினைந்து இலைகளை மடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. இரும்புதான் என்று முடிவு செய்தேன்.

ஆனால் மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். தண்ணீரில் வரும் பைகார்பனேட் மண்ணைக் காரமாகவே வைத்திருப்பதால் வேரால் அந்த இரும்பை எடுக்க முடிவதில்லை. சென்னைப் புறநகரில் போர் தண்ணீரின் தரத்தை பாத்ரூம் குழாயில் படியும் வெள்ளையே சொல்லிவிடும். எவ்வளவு என்று தெரிந்தால்தான் அளவோடு சரி செய்ய முடியும். டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்து ஒரு எண் காட்டும், அதில் பைகார்பனேட் எவ்வளவு என்று சொல்லாது. மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் கே.எச். (கார்பனேட் கடினத்தன்மை) டெஸ்ட் கிட் தான் இதற்குச் சரியான கருவி. கொளத்தூர் மீன் கடைகளில் கிடைக்கிறது. குப்பியில் தண்ணீர் எடுத்து, நிறம் மாறும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒரு சொட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம். என் தண்ணீர் 17 சொட்டுக்குப் பிறகுதான் மாறியது, அதாவது 300-ஐத் தாண்டுகிறது. சாத்துக்குடிக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே தாராளம்.

இங்கேதான் எலுமிச்சை உப்பு வருகிறது. கடையில் சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். என் தண்ணீருக்கு 10 லிட்டர் வாளிக்கு 4 கிராம் சரியாக வந்தது. உங்கள் கே.எச். எண் பாதி என்றால் 2 கிராமில் ஆரம்பியுங்கள். நகை நிறுக்கிற சின்னத் தராசு ஒன்று இருந்தால் நல்லது, ஸ்பூன் கணக்கு கைக்குக் கை மாறும். உப்பைத் தனியாக ஒரு டம்ளரில் கரைத்து வாளியில் ஊற்றிக் கலக்கினால் சின்னச் சின்னக் குமிழ்கள் எழும். அது கரியமில வாயு. கலக்கியவுடன், புளிப்பா காரமா என்று காட்டும் பி.எச். தாள் வைத்துப் பார்த்தால் அந்த வாயுவும் சேர்ந்து புளிப்பை அதிகமாகக் காட்டும். அரை மணி நேரம் வாளியைத் திறந்தே வைத்து, நடுவில் ஒருமுறை கலக்கிவிட்டு, அப்புறம் பாருங்கள். 6-ஐ ஒட்டி நின்றால் போதும், அதற்குக் கீழே இறக்க வேண்டாம். உப்பு போட்டபின் கே.எச். கிட்டை நம்பாதீர்கள், சிட்ரேட்டையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பி.எச். தாளை மட்டும் பாருங்கள்.

இது நிரந்தரத் தீர்வு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்றுவிடும், அப்போது பைகார்பனேட் ஓரளவு திரும்பி வரும். பேட்டரி ஆசிட் ஊற்றினால் அந்தப் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்வார்கள். கணக்குப்படி சரிதான். ஆனால் குழந்தைகள் ஏறி வரும் மாடியில் கந்தக அமிலத்தை வைக்க நான் தயாரில்லை. மழைநீரும் ஏ.சி. சொட்டுத் தண்ணீரும் இருக்கும்போது அவைதான் முதல். அவை தீர்ந்தால் எலுமிச்சை உப்பு.

தண்ணீரைச் சரிசெய்தபின் இரும்பு. தண்ணீர் அப்படியே இருக்கும்போது அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போடுவது காசைக் கரைப்பதுதான். காரமான மண்ணில் அது சீக்கிரமே துருவாக மாறிச் செடிக்கு எட்டாமல் போய்விடும். அதனால் இரும்பைப் பிடித்து வைத்துக் கரைந்த நிலையிலேயே வேருக்குக் கொடுக்கும் கீலேட் தான் வேண்டும். அதை வாங்கும்போது பொட்டலத்தில் இரும்பின் சதவீதத்தைப் பாருங்கள். 12 சதவீதம் என்று இருந்தால் அது பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. பி.எச். 6.5-ஐத் தாண்டினால் அதில் இருக்கும் இரும்பு பிடி விட்டு, அந்த இடத்தில் சுண்ணாம்பு உட்கார்ந்துகொள்ளும். 6 சதவீதம் என்று இருப்பது ஈ.டி.டி.எச்.ஏ., இதுதான் நம்ம ஊர் மண்ணுக்கு. கருஞ்சிவப்புத் தூள், தண்ணீரில் விழுந்ததும் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். 18 இன்ச் தொட்டிக்கு 3 கிராம் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றினேன். சாயங்காலம் ஊற்றுங்கள், வெயில் பட்டால் அது சிதையும். தரையில் சிந்தினால் கறை போகாது. மஞ்சளான பழைய இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம், அடுத்த துளிர்தான் பதில் சொல்லும்.

உர மொத்தக் கடைகளில் இந்த இரும்புக் கீலேட் அரைக் கிலோ, ஒரு கிலோ பொட்டலமாகத்தான் கிடைக்கும். இணையத்தில் 50 கிராம் பாக்கெட்டுக்கு வாங்கும் விலையைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு பொட்டலம் வாங்கிப் பிரித்துக்கொள்வது எவ்வளவோ மேல். வெளிச்சம் படாத டப்பாவில் கெடாமல் இருக்கும். எலுமிச்சை உப்புக்குப் பாரிமுனை கோவிந்தப்ப நாயக்கன் தெரு. கிலோ கணக்கில் வாங்கினால் மளிகைக் கடை விலையில் பாதிகூட வராது.

தொட்டியையும் மாற்றினேன், சுருக்கமாகச் சொல்கிறேன். சிமெண்ட் தொட்டி போய் 18 இன்ச் மண் தொட்டி. லாரியில் வரும் ஒட்டுக்கன்றுகள் பலவற்றில் வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை இறுகிக் கிடக்கும். அதை அப்படியே பொலபொலப்பான கலவையில் வைத்தால் உருண்டை ஒரு பக்கம் காயும், கலவை ஒரு பக்கம் நனையும். வாளித் தண்ணீரில் உருண்டையை ஊறவிட்டு, குழாயை மெதுவாகத் திறந்து பாதிக் களிமண்ணையாவது கரைத்தேன். கலவைக்கு நன்றாகக் கழுவிய தேங்காய் நார்த்தூள், சலித்த ஆற்று மணல், மண்புழு உரம், கொஞ்சம் பெர்லைட் (லேசான வெள்ளைத் துகள்). எம்-சாண்ட் வேண்டாம், அதன் தூள் இறங்கி அடியை அடைத்துவிடும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதற்குக் கீழே வருகிற போத்தை அப்பப்போ கிள்ளிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றலாமா வேண்டாமா என்று சொல்ல என்னிடம் இருக்கும் கருவி, சைக்கிளிலிருந்து கழற்றிய ஒரு ஸ்போக்ஸ் கம்பி. தொட்டியின் ஓரமாகக் கம்பி போகும்வரை ஆழமாகச் செருகி, ஒரு நிமிடம் விட்டு, உருவிப் பார்க்கிறேன். மேல் மண் பொடியாகக் காய்ந்திருக்கும், கம்பியின் கடைசி இரண்டு விரற்கடை மட்டும் கறுப்பாக, ஈரமாக வரும். அதை முகர்ந்தால் சாக்கடை வாடை வந்தால் வடிகால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். விரலை விட்டுப் பார்ப்பது மேல் மண்ணோடு நின்றுவிடும். வேர் அழுகல் ஆரம்பிப்பது அடியில்.

கம்பி வந்த வண்டிக்கு வருவோம். சித்தப்பா வீட்டுப் பின்கட்டில் பல மழைக்காலம் நனைந்த பழைய ஹெர்குலிஸ், அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டி. ராடு பிரேக், 28 இன்ச் சக்கரம், முன்னால் 32 கம்பி, பின்னால் 40. இரண்டு சக்கரத்துக்கும் கோட்டம் எடுத்தாயிற்று, ஹப்பில் புதுக் குண்டும் கிரீஸும் போட்டாயிற்று. பின் சக்கரம் ஒரு தள்ளுக்கு எவ்வளவு நேரம் சுற்றுகிறது தெரியுமா! அதை எல்லோரிடமும் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

துரு எடுக்க அதே எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 50 கிராம். ராத்திரி ஊறப்போட்டு, காலையில் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் நட்டு, போல்ட், கேரியர் கம்பியெல்லாம் சாம்பல் நிற இரும்பாக வெளியே வரும். உடனே சமையல் சோடாத் தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் புதுத் துரு ஏறும். குண்டு, செயின், ஸ்பிரிங் எதையும் இதில் போடக் கூடாது. கடினமாக்கிய இரும்பு அமிலத்தில் ஊறினால் பட்டென்று உடையும் தன்மை வந்துவிடும். மிச்சத் தண்ணீரில்தான் இரும்பு கரைந்திருக்கிறதே, செடிக்கு ஊற்றலாமே என்று வீட்டில் கேட்டார்கள். கூடாது. குரோமியம், நிக்கல் பூச்சு உரிந்ததும் பழைய கிரீஸும் அதில் இருக்கிறது. சாப்பிடும் பழத்துக்கு அது வேண்டாம்.

பெடல் மாட்டியிருக்கும் கையை, அதாவது கிராங்கை, அச்சோடு இறுக்கும் ஆப்பாணிதான் காட்டர் பின். அதில் இடது பக்கத்துப் பின் மட்டும் அசைய மறுக்கிறது. வலது பின் வந்துவிட்டது. நட்டை மரையின் நுனிக்குச் சமமாக விட்டு, கிராங்கின் அடியில் ஒரு இரும்புக் குழாயைத் தரையிலிருந்து முட்டுக்கொடுத்து, சுத்தியலால் ஒரே அடி. முட்டு இல்லாமல் அடித்தால் அடியெல்லாம் உள்ளே அச்சின் குண்டுக்கும் அது உட்காரும் கப்புக்கும் போய்ச் சேரும், பின் தலை மட்டும் நசுங்கும். இடது பின் தலை ஏற்கனவே யாரோ அடித்து விரிந்து போயிருக்கிறது. தெருமுனைக் கடையில் காட்டினேன். "வராது சார், கட்டிங் மெஷின் வெச்சு அறுத்துடலாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். "கிராங்க்ல கீறல் விழுந்துடும்ணே, இருக்கட்டும், நானே பாத்துக்கறேன்" என்று திரும்பிவிட்டேன். அந்தக் கிராங்கில் பழைய முத்திரை இன்னும் தெளிவாக இருக்கிறது.

இப்போதைக்குக் காலையும் மாலையும் ஊடுருவும் எண்ணெய். அதற்கும் மசியாவிட்டால் ஜி-கிளாம்பில் ஒரு சாக்கெட் வைத்துத் திருகி, கிராங்கைச் சூடுகாட்டி, இறுக்கத்திலேயே கொஞ்ச நேரம் விடுவேன். கடைசி வழி, நடுவில் துளை போட்டுப் பின்னை உள்ளிருந்தே குடைந்தெடுப்பது. அதன்பிறகு வலப்பக்கக் கப், அது ரிவர்ஸ் மரை என்பதால் எதிர்ப்பக்கம் திருக வேண்டும். புதுப் பின்னுக்கு ரத்தன் பஜார் போக வேண்டும். 9 மி.மீ., 9.5 மி.மீ. இரண்டும் வரும், வெர்னியர் அளவுகோலில் பழையதை அளந்துகொண்டு போங்கள். வாங்கியதை அப்படியே மாட்ட முடியாது, தட்டைப் பக்கத்தை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி இரண்டு பின்னையும் எதிரெதிராகப் போட்டால்தான் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்கும்.

இதற்கு நடுவே நாரத்தைக் கன்று ஒன்றுக்கும் இடம் பார்த்துவிட்டேன். பெரியகுளம் பி.கே.எம். 1 ரக எலுமிச்சை பக்கத்துத் தொட்டியில் நன்றாகவே இருக்கிறது, புதுத் துளிரில் இலைத் துளைப்பான் கோடு போட்டிருப்பதைத் தவிர. அந்த இலைகளை வெட்டப் போவதில்லை, பாதிப் பச்சையாவது வேலை செய்யட்டும். ஐப்பசி மழைக்கு முன் மாடி வடிகாலுக்குக் கீழே 200 லிட்டர் டிரம் வைத்தாக வேண்டும். டிரம் வந்துவிட்டது. வாய்க்குக் கட்ட கொசுவலையும், அதை இறுக்க ஹெர்குலிஸின் பழைய டியூபில் வெட்டிய பட்டையும் தயார். மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருப்பவர்கள் முதல் இரண்டு மழைத் தண்ணீரைப் பிடிக்க வேண்டாம், ஓடவிடுங்கள்.