அஞ்சு அவுன்ஸோடு நின்றுபோன காபி

பாட், அதாவது காபிப் பொடி அடைத்த சின்னக் குப்பி, போட்டு ஓட்டும் காபி மெஷின் எங்களுடையது. எட்டு அவுன்ஸ் பொத்தானை அழுத்தினால் மூன்று அவுன்ஸ்தான் விழுந்தது. மெஷின் வழக்கத்தைவிட அதிகமாக உறுமியது, நடுவில் இரண்டு தடவை இருமியது, கடைசியில் புஸ்ஸென்று ஆவியை விட்டு ஓய்ந்துவிட்டது. கோப்பையின் அடியில் கஷாயம் மாதிரி கொஞ்சம் கறுப்பு. தொட்டியில் தண்ணீர் இருக்கத்தான் இருந்தது.

நான் இருப்பது டெக்சஸில், சான் அன்டோனியோ. இங்கே குழாயில் வருவது பெரும்பாலும் எட்வர்ட்ஸ் நிலத்தடி நீர். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறி வருவதால் ஷவர், கெட்டில் எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு படியும். அதனால் மேலே யோசிக்கவே இல்லை. உப்புதான் அடைத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி, பாட் போடாமல் கோப்பை கோப்பையாக ஓட்டினேன். நடுவில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். வெள்ளைத் துகள்கள் வந்தன, பரம திருப்தி. நெடி போக மூன்று தொட்டி நல்ல தண்ணீர். அப்புறம் போட்ட காபி ஐந்து அவுன்ஸ் வந்தது, லேசான ஊறுகாய் வாசனையோடு. இனிமேல் எலுமிச்சை உப்புதான். அதில் இந்த வாடை இருக்காது.

பம்புக்குள் காற்று சிக்கினாலும் இப்படி ஆகுமாம். சரி, பிளக்கைப் பிடுங்கி, தொட்டியைக் கழற்றி, மெஷினை சிங்க்குக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, குழந்தைக்கு ஏப்பம் வரவைப்பதுபோல அடியில் தட்டினேன். மனைவி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுபடியும் அதே ஐந்து அவுன்ஸ்.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த அம்மா இரண்டு நாளாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிகாக்‌ஷன் இறங்கலைன்னா ஓட்டை அடைச்சிருக்கும்டா. நெருப்புல காட்டு" என்றார். பில்டரை அடுப்பில் காட்டலாம், பிளாஸ்டிக் மெஷினை எங்கே காட்டுவது? ஆனால் 'ஓட்டை' என்றதும் உறைத்தது. மூடியைத் தூக்கி போன் வெளிச்சத்தில் பார்த்தேன். பாடில் துளை போடும் ஊசியின் பக்கவாட்டு ஓட்டைகளில் பழுப்பாகக் களிம்பு.

குற்றவாளி நான்தான். அம்மா கொண்டுவந்த சிக்கரி கலந்த பொடியை, நாமே நிரப்பிக்கொள்ளும் பாடில் மூன்று வாரமாக விளிம்புவரை அமுக்கிக்கொண்டிருந்தேன். கடைப் பாடுக்குள் காகித வடிகட்டி உண்டு. இதில் வெறும் வலைதான். பில்டருக்கென்று நைஸாக அரைத்த பொடி நனைந்து உப்பியதும் தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. பொடியோடு மேலே எழும்பி ஊசிக்குள்ளேயே ஏறியிருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ஒவ்வொரு ஓட்டையாகக் குடைந்தேன். ஊசி நல்ல கூர்மை, விரலைப் பதம் பார்த்துவிட்டது. பாட் உட்காரும் கிண்ணத்தைக் கழற்றினால் அதன் அடியிலும் ஓர் ஊசி. அதிலிருந்து மிளகு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பாட் இல்லாமல் ஓட்டிய முதல் கோப்பையில் சேற்றுத் தண்ணீர், இரண்டாவதில் தெளிவு. அளவுக் கோப்பை வைத்துப் பார்த்தேன், சுளையாக எட்டு அவுன்ஸ்.

மீதிப் பொடி பித்தளை பில்டருக்குப் போய்விட்டது. பாடில் இப்போது கொரகொரப்பான பொடி, அதுவும் முக்கால்வாசிதான். காலையில் மெஷின் ஓடும்போது மட்டும் அம்மா எட்டிப் பார்த்து, "இறங்கிடுச்சா?" என்று கேட்கிறார்.