அணைக்கட்டு வழியில் ஒரு சிலம்பக் களம்

முதல் நாள் இரவே வேலூர் வந்து தங்கிவிட்டு, விடிந்ததும் அணைக்கட்டு பஸ்ஸில் ஏறினேன். ஸ்ரீபுரம் பொற்கோயிலில் பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். நான் இறங்கியது அதையும் தாண்டி, ஒரு சின்ன ஊரில். மாந்தோப்பை ஒட்டிய களத்தில் சிலம்பம் நடக்கும் என்று நண்பர் சொல்லியிருந்தார்.

வாத்தியாருக்கு அறுபது தாண்டியிருக்கும். கற்றுக்கொள்ள ஆசை என்றேன். "தாராளமா. மொதல்ல உக்காந்து பாருங்க" என்றார். புதிதாகச் சேர்ந்த பையன்களும் கையில் கம்பில்லாமல் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

சுற்றுகிற கம்பை விட்டுக் கண் நகருமா? வாத்தியார் வந்து ஒருவன் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார். "கம்பு பொய் சொல்லும்டா. காலப் பாரு." நானும் காலைப் பார்க்க ஆரம்பித்தேன். கம்பு இடப்பக்கம் வருவதுபோல் போக்குக் காட்டும். ஆனால் முன்கால் பாதம் அதற்குள் வலப்பக்கம் திரும்பியிருக்கும். அடி அங்கேதான் இறங்கும். உடம்பின் பாரம் அந்தக் காலுக்கு மாறாமல் அடியில் பலம் வராது என்பதால், காலை வைத்து ஏமாற்றுவது கஷ்டம். காலடியை ஏன் மாதக்கணக்கில் பழக்குகிறார்கள் என்பது அங்கே மண்ணைப் பார்த்தபோது புரிந்தது.

அதைவிட என்னை அசத்தியது அவர் காது. களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புது மூங்கிலைத் தணலில் வாட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "பிடி இறுகுது, மணிக்கட்ட விடு" என்று குரல் கொடுக்கிறார். பின்வரிசைப் பையன் கையைத் தளர்த்துகிறான். மணிக்கட்டு இளகியிருந்தால் விர்ரென்று ஒரே சீராகக் காற்று கிழியும். இறுக்கிப் பிடித்தால் கை மாறும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சத்தம் அறுந்துபோகும். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டேன். தடுமாறுகிற கம்பு எது என்று எனக்கே பிடிபட ஆரம்பித்தது. அப்புறம் நெற்றி உயரக் கம்பு ஒன்றை என்னிடம் கொடுத்தார். என் சுற்றில் எங்கே அறுகிறது என்று நானே கேட்டுக் கேட்டுத்தான் பிடியைத் தளர்த்தினேன்.

2021இல் தமிழக அரசு, அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தையும் சேர்த்தது. நல்ல காரியம். அதனால் சீக்கிரம் மெடல், சீக்கிரம் சர்டிபிகேட் என்று கேட்டு வருகிற பெற்றோரும் உண்டு. அவர்கள் பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்து பார்த்த பிறகுதான் கம்பைத் தொட முடியும். இந்தப் பிடிவாதம் வாத்தியாரோடு போய்விடக் கூடாது என்பது என் ஆசை.

போகிறவர்கள் விடியலிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் களம் கலைந்துவிடும். வீடியோ எடுக்க வேண்டாம். போனில் பார்த்தால் கம்பு மட்டும்தான் தெரியும்.